கூரையில்லாதவர் பிரிவு

பிப்ரவரி 6

பொடிசுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம். அம்மாவின் முழங்கால்தான் மாடிப்படியோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை. கண்ணில் புரை வேறு. உன் சளி விட்டதா? தலைக்கு நேரே ஏசியை வைத்துக்கொண்டு தூங்காதே என்று போன வருஷமே சொன்னேன்.

பேப்பர் பார்த்தேன். பார்க்காமல் இருக்க விட்டால்தானே? கோர்ட்டில் வக்கீல்கள் அறையில் ஒவ்வொருவராகப் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார்கள். என் கைக்கு வந்தபோது உன் போட்டோவின் மேல் யாரோ டீ கிளாஸை வைத்த வட்டம் இருந்தது. "புதிய மின்சாரச் சட்டம்: வரைவுக் குழுவில் இளம் வக்கீல்" என்று தலைப்பு. முப்பத்தெட்டு வயதை இளம் என்று போட்டவருக்கு நல்ல மனசு. "உங்க தங்கச்சியா? சொல்லவே இல்லையே" என்றார் சீனியர். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் என்னை உட்காரச் சொன்னார்.

சந்தோஷம்தான். நிஜமாகவே.

போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது, கடிதம் என்றால் திட்டி முடிப்பதற்குள் கை வலித்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. அதனால் எழுதுகிறேன். கீழ் வீட்டு டெய்லர் நேற்று படியில் மறித்துக்கொண்டார். "மேடம், அவங்கவங்க மொட்டை மாடியில சோலார் பேனல் போட்டு கரண்ட் விக்கலாம்னு உங்க தங்கச்சி சட்டம் போடறாங்களாமே. எனக்கு ஏது மாடி? வீட்டுக்காரர் அங்க துணி காயப்போடவே விடமாட்டேங்கறார்" என்றார். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், பேனல் அவரவர் தலைக்கு மேலேயே இருக்கவேண்டும் என்று என்ன அவசியம்? ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் இருக்கட்டும், அதில் டெய்லருக்கு ஒரு பங்கு இருக்கட்டும். அங்கே கிடைக்கும் யூனிட்டை இங்கே அவருடைய பில்லில் கழித்துக்கொள்ளட்டும். உங்கள் குழுவில் வாடகை வீட்டில் இருப்பவர் ஒருவராவது உண்டா என்று விசாரித்துப் பார்.

அனல் மின் நிலையத்தின் சாம்பல் இன்றும் கொடியில் காய்ந்த துணிமேல் விழுந்தது. உதறிவிட்டு மடிக்கப் போகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

சளி போய்விட்டது. உனக்கும் அம்மாவுக்கும் எப்படி இருக்கிறது? தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே மூச்சுவிட நேரமில்லை.

குழு கூடும் அறையில் ஏசி குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, போன கோடையில் வெயில் தாங்காமல் செத்துப்போனவர்களைப் பற்றிய ஆஸ்பத்திரி அறிக்கையைப் படிக்கிறோம். எனக்கே வெட்கமாக இருந்தது. பூமி சூடாகிறது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினோமே, அது இப்போது படுக்கை எண்ணோடு என் மேஜைக்கு வருகிறது. "ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னா போதாதா, சட்டம் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். புகைபோக்கிக்குக் காது கிடையாது என்றேன். மின்சாரக் கம்பெனி விற்பதில் இவ்வளவு பங்கு வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வாங்கியே ஆகவேண்டும், அந்தப் பங்கு வருஷா வருஷம் கூடவேண்டும், தவறினால் அபராதம். நிலக்கரியில் ஓடும் மின் உற்பத்தி யூனிட்களை வயதுப்படி மூடவேண்டும். இதுதான் முதுகெலும்பு. உங்கள் ஊர் அனல் மின் நிலையத்தின் பழைய யூனிட் வரிசையில் முதலாவது.

அம்மாவுக்குக் கண்ணில் புரை என்றாயே. இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். கட்டடத்தில் லிப்ட் உண்டு, முழங்காலுக்கும் வசதி. அனுப்பி வைக்கிறாயா? உனக்கும் கொஞ்சம் ஓய்வு.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் பொடிசு


மார்ச் 12

பொடிசுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ ஓடுகிற ஓட்டத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அம்மாவை ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். கேட்டதும் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டிவிட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு வருஷமாக என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தவள், லிப்ட் என்றதும் துள்ளிக் குதிக்கிறாள். மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். காபியில் சர்க்கரை கேட்பாள், போடாதே. உன்னிடம் கேட்கமாட்டாள் என்று நினைக்கிறேன். உன் வீட்டுக் காபிக்குச் சர்க்கரை தேவைப்படாது.

எனக்கு ஓய்வு என்று எழுதியிருந்தாய். நான் எப்போதாவது களைப்பு என்று சொன்னேனா?

டெய்லர் தன் கேள்விக்குப் பதில் உண்டா என்று கேட்டார். நீ அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. சின்ன விஷயம்தான்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் என் சமையலறை மேடையைப் பார்த்து முகம் சுளித்தாள். பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வீடு வெறிச்சென்று இருக்குமே. அம்மா இன்னும் சில மாதம் இங்கேயே இருக்கட்டுமா? டாக்டரும் அதைத்தான் சொல்கிறார்.

ஒரு நல்ல செய்தி. வரைவு வெளியாகிவிட்டது. எல்லோரும் பதினான்காம் பிரிவைத்தான் கொண்டாடுகிறார்கள். சொந்தக் கூரை இல்லாதவர்கள் பொதுச் சோலார் மைதானத்தில் பங்கு வாங்கலாம், அந்த யூனிட் அவர்கள் பில்லில் கழியும். பேப்பர்க்காரர்கள் 'கூரையில்லாதவர் பிரிவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இது எப்படித் தோன்றியது என்று பேட்டியில் கேட்டார்கள். ஒருநாள் மாலை என் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தில் அடுக்கடுக்காக இருந்த வாடகை வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது என்று சொன்னேன். பேட்டியை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். போட்டோவில் கொஞ்சம் குண்டாகத் தெரிகிறேன், இல்லையா?

வெயிலில் அலையாதே.
பொடிசு


மே 19

பொடிசுக்கு,

அம்மாவின் கண் தெளிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே.

பேட்டி கிடைத்தது. போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறாய். ஜன்னலும் நல்ல ஜன்னல் போலிருக்கிறது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இரண்டு மாதமாக ஒரு வரிகூட இல்லை. அம்மா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். லிப்டில் போய்வர ஒரு சாக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் நிறைவேறிவிட்டது. ஓட்டெடுப்பன்று மேலே பார்வையாளர் வரிசையில் அம்மாவும் இருந்தாள். "அந்தக் கறுப்பு கோட்டு என் பொண்ணு" என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னாளாம். கறுப்பு கோட்டுப் போட்டவர்கள் அங்கே நாற்பது பேர்.

முதல் சோலார் மைதானம் உங்கள் ஊரை ஒட்டித்தான் வருகிறது. டெய்லரைப் பங்குக்கு எழுதிப் போடச் சொல். என் மேல் ஏதாவது கோபமா? இருந்தால் சொல்லிவிடு.

பொடிசு


ஆகஸ்ட் 16

பொடிசுக்கு,

கோபம் என்ன கோபம்? வேலை. பெரிய வழக்கு ஒன்று வந்திருக்கிறது. நம் சீனியர் கண் வைத்திருந்தது, கட்சிக்காரர் என்னைத்தான் வேண்டுமென்று கேட்டு வந்தார். உட்கார நல்ல நாற்காலி இல்லையே என்று அவருக்காகவே இரண்டு வாங்கினேன்.

டெய்லர் எழுதிப் போட்டார். மைதானத்தின் பங்கு மொத்தமும் முதல் வாரத்திலேயே போய்விட்டதாம். பெரிய கைகள் வாங்கிவிட்டன. "பரவாயில்ல மேடம், அடுத்த மைதானம் வருமில்ல" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ஓட்டெடுப்புக்கெல்லாம் வருகிறாள். நான் வாதாடி ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. கோர்ட்டில் ஒரே புழுக்கம் என்பாள்.

வழக்கைப் பற்றி அதிகம் எழுத முடியாது. தொழில் தர்மம். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


செப்டம்பர் 9

அக்கா,

அம்மா நலம்.

மின்சாரக் கம்பெனி பதினான்காம் பிரிவை எதிர்த்து உங்கள் ஊர் உயர் நீதிமன்றத்தில் போட்ட மனுவின் நகல் இன்று குழுவுக்கு வந்தது. எல்லோர் எதிரிலும் புரட்டினேன். கம்பெனி வக்கீலின் கையெழுத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன். என்னுடைய பள்ளி ரிப்போர்ட் கார்டில் அப்பாவுக்குப் பதிலாக நீ போட்டுக் கொடுத்த அதே கையெழுத்து. "இவங்க உங்களுக்கு உறவா?" என்று தலைவர் கேட்டார். ஒரே ஊர் என்றேன்.

உன்னிடம் எனக்கு ஒரே கேள்விதான். ஊரில் வேறு வக்கீலே இல்லையா?

பொடிசு


அக்டோபர் 14

பொடிசுக்கு,

நீ நலமா என்று கேட்டால் பாசாங்கு என்பாய். கேட்கிறேன். நலமா?

ஊரில் வக்கீல்கள் நிறைய. ஆனால் அந்தப் பிரிவை என்னைப்போலத் தெரிந்தவர் யாரும் இல்லை. பிப்ரவரியில் நான் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார். தூக்கிப் போட்டிருந்தால் விட்டுவிடு. அந்த ஜன்னல் உன்னுடையது இல்லை. என்னுடையது. உன் பேட்டியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. கம்பெனி மேனேஜர் என் அறைக்கு வந்து "உங்களாலதான் முடியும் மேடம்" என்றபோது, அது பொய்யென்று தெரிந்தும் காதுக்கு இனித்தது. பங்காளிக் காய்ச்சல் ஆண்களுக்குத்தான் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

விசாரணையில் என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லி நீ கேட்கவேண்டாம். நானே சொல்கிறேன்.

"இது ஏழை வாடகைதாரர்களுக்காக வந்த பிரிவுன்னு அரசு தரப்புல சொல்றாங்களே?" என்றார் நீதிபதி.

"அப்படி எழுதியிருந்தா நான் இங்க நிக்கமாட்டேன் ஐயா" என்றேன். "'சொந்தக் கூரை இல்லாத எந்த நபரும்'னு இருக்கு. சட்டத்துல கம்பெனியும் ஒரு நபர்தான். முதல் மைதானத்துல பங்கு வாங்கினது யாருன்னு பாருங்க. வாடகைக் கட்டடத்துல நடக்கற குளிர்சாதனக் கிடங்கு, அஞ்சு மாடித் துணிக்கடை. ஒரு குடித்தனக்காரர்கூட இல்ல. நிறைய பில் கட்டறவங்கள்லாம் போயிட்டா, கம்பியைப் பராமரிக்கற செலவு மிச்சமிருக்கற சின்ன வீடுகள் தலையிலதான் விழும்."

அரசு வக்கீல் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பிரிவு முழுவதற்கும் இடைக்காலத் தடை கிடைத்தது. சீனியர் எழுந்து வந்து கை கொடுத்தார். மறுநாள் பேப்பரில் என் பெயர். டீ வட்டம் விழாத பிரதியாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம்வரை தாங்கவில்லை. பங்கு மைதானங்கள் நின்றுவிட்டதால் போதுமான சோலார் மின்சாரம் வராது, ஆகவே பழைய யூனிட்டை இப்போதைக்கு மூட முடியாது என்று கம்பெனி அறிவித்துவிட்டது. என் வாதத்தையே கையில் வைத்துக்கொண்டு அறிவித்தார்கள். வீட்டுக்கு வந்தால் டெய்லர் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

"மேடம், யாரோ கோர்ட்ல தடை வாங்கிட்டாங்களாம். எனக்காக நீங்க ஒரு கேஸ் போடுங்களேன். அந்த வக்கீலை ஒரு கை பாருங்க."

"நான்தான் வாங்கினேன்" என்றேன்.

"அப்ப நீங்க ஜெயிச்சிருக்கீங்க. நான் வாழ்த்து சொல்லணுமா மேடம்?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அக்கா


டிசம்பர் 3

பெரியவளுக்கு அம்மா எழுதறது,

கண்ணு நல்லா தெரியுது, அதனால நானே எழுதறேன். முழங்கால் பரவாயில்லை. நீ இளைச்சுப் போயிருப்பே, தனியா இருந்தா நீ சமைக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்.

உன் கடுதாசி வந்ததிலேர்ந்து இவ சரியா பேசறதில்லை. உனக்குப் பதில் எழுதறா, கிழிக்கறா. குப்பைக்கூடையில எடுத்துப் பார்த்தேன். முதல் வரி மட்டும் இருக்கு, "அக்காவுக்கு"ன்னு. பழைய கடுதாசியெல்லாம் அலமாரியில கட்டித்தான் வச்சிருக்கா. பிப்ரவரி மாசத்தது மட்டும் இப்ப தலையணைக்குக் கீழ இருக்கு.

ஒண்ணு சொல்லணும். இந்த வீட்டு ஜன்னல்ல நான் தினமும் உக்காந்திருக்கேன். எதிர்ல கட்டடமே கிடையாது. பெரிய தண்ணித் தொட்டிதான் தெரியுது. இவகிட்ட நான் அதைக் கேக்கலை. கேட்டா எனக்கும் அவளுக்கும் சண்டை வரும், அப்புறம் நாங்களும் கடுதாசி எழுதிக்கணும்.

சின்ன வயசுல ஒரு பொம்மைக்கு நீ கையைப் பிடிச்சு இழுப்பே, இவ காலைப் பிடிச்சு இழுப்பா. கடைசியில நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தது அடிதான். இப்ப உங்களை அடிக்க எனக்குத் தெம்பில்லை. இங்க வெயில் இந்த மாசத்துலயே இப்படி அடிக்குது. யார் எழுதினா என்ன, எதையாவது எழுதி முடிங்க.

சர்க்கரை இல்லாமத்தான் காபி குடிக்கறேன்.

அம்மா


ஜனவரி 8

பொடிசுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மா எனக்கு எழுதினாள். சர்க்கரை விஷயத்தில் பொய் சொல்கிறாள், டப்பாவை மேல் தட்டுக்கு மாற்று.

கம்பெனியின் வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் நான் வாங்கிய புது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஜெயிச்ச வக்கீல் கேஸை விட்டதா நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். "இப்ப கேள்விப்பட்டுட்டீங்க" என்றேன். அவருடைய காகிதங்களில் இருந்த எதையும் உனக்குச் சொல்லமாட்டேன். திறந்த கோர்ட்டில் நான் சொன்னது ஊர்ச் சொத்து, அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

'நபர்' என்ற சொல்லை எடுத்துவிடு. இப்படிப் போடு: "தான் குடியிருக்கும் வீட்டின் கூரைமேல் உரிமை இல்லாத தனிமனிதர், மின் இணைப்பு எவர் பெயரில் இருந்தாலும், அவ்வீட்டின் பயன்பாட்டு அளவுக்கு மேற்படாத பங்கினைப் பெறலாம்." வாடகை வீடுகளில் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும், அதனால் 'எவர் பெயரில் இருந்தாலும்' முக்கியம். கிடங்குக்கும் துணிக்கடைக்கும் வேறு பிரிவு எழுதிக்கொள், அவர்களும் வெயிலுக்கு மாறட்டும், டெய்லரின் தட்டிலிருந்து எடுக்காமல் மாறட்டும். கம்பியைப் பயன்படுத்துவதற்கு ஒரு சின்னக் கட்டணமும் வை. வைக்காவிட்டால் கம்பெனி அந்த வாசல் வழியாகத் திரும்பவும் வரும்.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் ஆறவில்லை. நான் வாங்கிய தடை தீர்ப்புப் புத்தகத்தில் ஒரு அடிக்குறிப்பாகப் போய்விடும், உன் சட்டம் நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும். இருக்கத்தான் போகிறது என்றால் ஓட்டையில்லாமல் இருக்கட்டும். ஓட்டைச் சட்டத்தின் மேல் பொறாமைப்பட்டேன் என்று எனக்குப் பேர் வேண்டாம்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீ சமைத்துச் சாப்பிடுகிறாயா?

உன் பிரிவை மூன்று நாள் வைத்துக்கொண்டு ஓட்டை தேடினேன். ஒன்றாவது இருக்கும், அதை நீட்டிக் காட்டி உனக்கு எழுதலாம் என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். இல்லை. எரிச்சலாக இருந்தது. ஒரு முற்றுப்புள்ளியைக்கூட நகர்த்த முடியவில்லை.

திருத்தம் நேற்று நிறைவேறியது. கோர்ட்டிலும் இனி தடைக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மைதானத்தில் குடித்தனக்காரர்களுக்கு மட்டும்தான் பங்கு. டெய்லரிடம் சொல்லிவிடு. பழைய யூனிட்டை ஜூனில் மூடுகிறார்கள்.

குழுவில் தலைவர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "இது யார் எழுதினது? உங்க நடை மாதிரி இல்லையே."

"எங்க அக்கா" என்றேன்.

"அந்தத் தடை வாங்கினவங்களா?"

"ஆமா."

"சரி, முதல் வரைவுல இருந்த யோசனையாவது உங்களுதுதானே?"

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதுவும் அவதான்" என்றேன்.

"அப்ப நீங்க என்னதான் எழுதினீங்க?" என்றார் அவர். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, சர்க்கரை டப்பாவை எதற்குக் கீழே இறக்கினாய் என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

யூனிட்டை நிறுத்தும் அன்று உங்கள் ஊரில் ஒரு கூட்டமாம். மேடையில் உட்கார உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அழைப்பு வரவில்லை. சட்டம் எழுதிய குழுவை விட்டுவிட்டு, அதற்குத் தடை வாங்கியவளைக் கூப்பிடுகிறார்கள். நல்ல ஊர் உன் ஊர்.

அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். மேடையில் உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல். போடமாட்டோம் என்றால் எனக்குத் தெரிவிக்காதே, எப்படியும் வந்து உன் நாற்காலியில் பாதி கேட்பேன்.

பொடிசு